'பேசணும்' என்று சொன்னது

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது. பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்த எனக்குக் கண்டி நகரில் கிளார்க் வேலை கிடைத்திருந்தது. கட்டுகஸ்தோட்டையில் பெண்கள் தங்கும் ஒரு போர்டிங்கில் இருந்தேன். அலுவலகத்திலும் வீட்டுக்காரரிடமும் சிங்களம்தான். அறையில் என்னோடு இருந்தவர் யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவரும் அதிகம் வாய் திறக்கமாட்டார். ஒரு தமிழ்ச் சொல்கூடச் சொல்லாமல் நான் படுத்த நாட்கள் உண்டு.

ஒரு நாள் தாங்க முடியவில்லை. காலையில் அவர் புறப்படும்போது வாசலில் மறித்து, "டீச்சர், சாயந்திரம் நேரத்தோட வாங்க. கொஞ்சம் பேசணும்" என்றேன். கூச்சத்தில் என் முகம் இறுகியிருந்திருக்கும். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அன்று ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து வைத்துக் காத்திருந்தேன். அவர் இருட்டிய பிறகே வந்தார். சாப்பிட்டாயிற்று என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அடுத்த நாட்களும் அப்படியே. மூன்றாம் வாரம், தன் பள்ளிக்கூடம் இருந்த திகனவுக்கே இடம் மாறிப் போய்விட்டார். தோட்டத்துப் பெண்ணோடு சரிசமமாக உட்கார அவருக்கு மனமில்லை என்று நானே முடிவு செய்தேன். மனதுக்குள் நிறையத் திட்டினேன்.

காலிக் கட்டிலைப் பார்க்கப் பிடிக்காமல் நூலகத்துக்குப் போகத் தொடங்கினேன். கையில் அகப்பட்டது ஒரு பழைய யாழ்ப்பாண நாவல். அதில், தகப்பன் பேசிவிட்டார் என்று மகள் அழுகிறாள். பேசினால் எதற்கு அழவேண்டும்? மழையில் நனைந்தால் அம்மா பேசுவா என்று இன்னொரு பிள்ளை பயப்படுகிறது. மூத்தவளுக்குக் கலியாணம் பேசுகிறார்கள். அது நாங்களும் சொல்வதுதான். ஆனால் இரண்டு சிநேகிதிகள் சிரித்துக்கொண்டு நின்றால் மட்டும் அவர்கள் 'கதைக்கிறார்கள்'. முன்பக்கங்களைத் திரும்பப் புரட்டினேன். பேசுவது என்றால் அங்கே ஏசுவது! வாசலில் மறித்து நான் சொன்னதும் அதே சொல்தான்.

அந்தச் சனிக்கிழமையே திகனவுக்கு பஸ் ஏறினேன். கதவைத் திறந்த டீச்சரிடம், "அன்னைக்கு நான் ஏசக் கூப்பிடலீங்க டீச்சர். சும்மா கதைக்கத்தான் கூப்பிட்டேன்" என்றேன்.

அவர் கதவை முழுதாகத் திறந்தார். "கதைக்கவோ? உம்மட முகக்கண்ணாடியை உடைச்சது நான்தான். அதுக்குத்தான் பேசப்போறீர் எண்டு நினைச்சன். ஆரோடயும் சண்டை பிடிக்க எனக்கு ஏலாது, பிள்ளை."

பூனை தள்ளியிருக்கும் என்று நினைத்து, அந்தக் கண்ணாடியை உடைந்த அன்றே நான் மறந்திருந்தேன். 'பேசணும்' என்பதற்கு எங்கள் ஆட்கள் சொல்லும் பொருள் அவருக்குத் தெரியாததல்ல. மனம் குறுகுறுத்துக்கொண்டிருந்ததால் அவர் ஊர்ப் பொருளே காதில் விழுந்திருக்கிறது.

தேத்தண்ணி தந்தார். பின்னேரம் வரை கதைத்தோம். ஊரில் தனியே இருக்கும் தன் தாயைப் பற்றிச் சொல்ல அவருக்கும் ஆளில்லாமல்தான் இருந்திருக்கிறது. பள்ளித் தவணை முடிந்ததும் மாற்றலாகிப் போனார். பிறகு நான் அவரைக் காணவில்லை.

இப்போதெல்லாம் யாராவது என்னைவிட்டு ஒதுங்கினால், நானே தீர்ப்பு எழுதாமல் நேரே போய்க் கேட்டுவிடுகிறேன். ஆனாலும் ஒரே அறையில் இரண்டு பேரும் தனித்தனியாகக் கழித்த அந்த மாதங்களை நினைத்தால், இன்றும் மனம் வெறுமையாகிவிடுகிறது.