இடது கன்னத்துப் பொட்டு

எங்கள் காப்பகத்தில் ஆயாக்களைக் குழந்தைகள் ‘அம்மா’ என்று கூப்பிடக் கூடாது. தத்தெடுக்க வருகிறவளுக்கு அந்தச் சொல் மிச்சமிருக்க வேண்டுமாம். இந்த விதியை எழுதியவர்கள் ஒரு பிள்ளைக்காவது மூக்குத் துடைத்துவிட்டிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம். ஆனால் இருசம்மாள் அதை ஒருநாளும் மீறியதில்லை. அவள் பார்த்துக்கொண்ட குழந்தை வேணி வாய்தவறி ‘அம்மா’ என்றால், “ஆயான்னு சொல்லு. அம்மா வருவாங்க” என்று திருத்துவாள்.

இருசம்மாளுக்குப் பிறந்த ஊர் வையம்பட்டி, வாக்கப்பட்ட இடம் அரியமங்கலம். பட்டறை வேலைக்குப் போன புருஷன் காலமானபின், இரண்டு பஸ் மாறி ஸ்ரீரங்கத்துக்கு ஆயா வேலைக்கு வரத் தொடங்கினாள். பிள்ளை கிடையாது. நான் அங்கே ஆபீசில் இருக்கிறேன். வெளிநாட்டார் வந்தால் இங்கிலீஷ் பேசுவதும் என் தலையில்தான்.

வேணி பச்சைக் குழந்தையாக எங்களிடம் வந்தவள். இதயத்தில் ஓட்டை இருந்தது. ஆபரேஷன் செய்து நன்றாகிவிட்டாள். ஆனாலும் நம் ஊர்த் தம்பதிகள் போட்டோவைப் பார்த்து “என்ன அழகு!” என்பார்கள், டாக்டர் அறிக்கையைப் படித்தபின் போனை எடுக்க மாட்டார்கள். இங்கே யாருமே கேட்காத குழந்தையைத்தான் வெளிநாட்டாருக்குக் காட்டுவார்கள். அப்படித்தான் இத்தாலியிலிருந்து மார்த்தாவும் அவள் கணவரும் வேணியைக் கேட்டார்கள். டெல்லி அனுமதி, கலெக்டர் உத்தரவு, பாஸ்போர்ட் என்று வருஷக்கணக்கில் இழுத்தது. அதுவரை வீடியோ காலில்தான் பார்த்துக்கொண்டார்கள்.

தினமும் காலையில் வேணியைக் குளிப்பாட்டித் தலைவாரியதும், இடது கன்னத்தில் மையால் ஒரு பொட்டு வைப்பாள் இருசம்மாள். “என் கண்ணே பட்டுரும்டி” என்பாள். போட்டோவிலும் வீடியோவிலும் அந்தப் பொட்டோடுதான் வேணி இருப்பாள். ஒருநாள் இத்தாலியிலிருந்து ஒரு துணிப் பொம்மை வந்தது. அதன் இடது கன்னத்தில் கறுப்பு நூலால் ஒரு புள்ளி தைத்திருந்தது.

இருசம்மாளுக்குத் தாங்கவில்லை. “பாத்தீங்களா சார், அவங்க ஊர்லயும் திருஷ்டிப் பொட்டு வைக்கிறாங்க! நல்ல எடத்துக்குத்தான் போவுது புள்ள.” நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவர்கள் வரும் தேதி நெருங்க நெருங்க அவள் சிடுசிடுப்பானாள். ஒரு கணம் மார்த்தாவின் போட்டோவைக் காட்டி, “இதான் உன் அம்மா” என்று வேணிக்குச் சொல்லிக்கொடுப்பாள். மறுகணம் என்னிடம் வந்து, “அந்தம்மாவுக்குப் புள்ளைக்கு ஊட்டிவிடத் தெரியுமா?” என்பாள். பொறாமைதான். வேறு பெயர் சொல்லிப் பூசிமெழுக வேண்டியதில்லை.

அவர்கள் வந்த அன்று, காப்பகப் பொறுப்பாளர் விஜயராணி மேடம் இரண்டு உத்தரவு போட்டார். முகத்தில் மைப்பொட்டு எதுவும் இருக்கக் கூடாது, பார்க்கிறவர்கள் அழுக்கு என்று நினைப்பார்கள். பிள்ளை ஆயாவோடு ஒட்டிக்கொள்ளும், ஆகவே அவள் சமையலறையிலேயே இருக்க வேண்டும். இருசம்மாள் இரண்டுக்கும் கட்டுப்பட்டாள்.

பொம்மையை அணைத்துக்கொண்டு வேணி வந்தாள். மார்த்தா முட்டிபோட்டுக் கைகளை விரித்தாள். விரித்த கை அப்படியே நின்றுவிட்டது. வேணியின் கன்னத்தைப் பார்த்தாள், பொம்மையைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள்.

அவர் என் பக்கம் குனிந்து மெல்லக் கேட்டார்: “நாங்கள் பார்த்த குழந்தை இவள்தானா? அவளுக்கு அங்கே ஒரு மச்சம் இருக்குமே?”

மேடம் ஃபைலைப் பிரித்தார். அதை யார் பார்த்தார்கள்? தன்னை ஆசையாக அழைத்த கை நின்றுபோனதை வேணி கவனித்துவிட்டாள். உதடு பிதுங்கப் பின்னால் நகர்ந்தாள். முதல் பார்வையிலேயே பிள்ளை மிரண்டுவிட்டால் அப்புறம் ஒட்டவைப்பது பெரும்பாடு. நான் சமையலறைக்கு ஓடினேன்.

“இருசம்மா, மையை எடுத்துக்கிட்டு வாங்க. பொட்டை மச்சம்னு நெனச்சிட்டாங்க. வேற புள்ளையோன்னு தயங்குறாங்க.”

“தயங்குறாங்களா?” என்றாள். உடனே எழுந்திருக்கவில்லை. அப்போது அவள் மனதில் என்ன ஓடியது என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. பிறகு சுருக்குப்பையிலிருந்து மை டப்பாவை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் போனாள்.

வேணியை நிறுத்திப் பொட்டு வைத்தாள். கண் படாமல் இருக்க வைப்பது என்று நான் இங்கிலீஷில் விளக்கினேன். மார்த்தா சிரித்தாள், கூடவே அழுதாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் வேணிக்குப் பயம் விட்டுப்போயிற்று. ஆயாவின் கையிலிருந்த டப்பாவில் விரலைத் தோய்த்துக்கொண்டு போய், மார்த்தாவின் இடது கன்னத்தில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். “அம்மா” என்றாள்.

“அவங்களுக்கு எதுக்குடி?” என்று கேட்டாள் இருசம்மாள்.

“ஆயா கண்ணு பட்டுரும்ல.”

எல்லோரும் சிரித்தோம். இருசம்மாள் சிரிக்கவில்லை. கையும் களவுமாகப் பிடிபட்டவள்போல நின்றாள். பிறகு மார்த்தாவின் எதிரே உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையாலும் அவள் கன்னங்களை வழித்து, தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தாள். பத்து விரலும் படபடவென்று முறிந்தன. எவ்வளவு சத்தமோ அவ்வளவு திருஷ்டி என்பார்கள்.

“போயிருச்சு தாயி” என்றாள் இருசம்மாள். “இனிமே படாது.”