கண்மருந்துப் போத்தலில் பெற்றோல்

2012ஆம் ஆண்டு, தை மாதக் கடைசி. அப்போது நான் சுவிற்சர்லாந்தின் யூரா மலைப்பக்கம், பிரெஞ்சு பேசுகிற ஒரு ஊரில் இருந்தேன். கடிகாரத் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். நல்ல உயரமான இடம் என்று சொல்வார்கள். உயரத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, குளிரைப் பற்றித் தெரியும். அந்தக் கிழமை மூக்குக்குள் இருக்கிற மயிர்கூட உறைந்து குத்தியது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். யாழ்ப்பாணம், வன்னி, கொழும்பு, திருச்சி, டுபாய் என்று திரிந்தேன். எங்கேயும் நிலையாக இருந்ததில்லை. சுவிஸ்தான் என்னை ஓரிடத்தில் கட்டிப் போட்டது. என்னிடம் இருந்தது தற்காலிக அனுமதி, ‘எஃப்’ பெர்மி என்போம். அதை வைத்துக்கொண்டு நாட்டுக்கு வெளியே கால் வைக்க முடியாது. எங்கள் ஊரிலிருந்து கொஞ்சத் தூரத்தில் ஒரு ஆறு ஓடுகிறது. ஆற்றின் மேல் ஒரு பாலம், பாலத்துக்கு அந்தப் பக்கம் பிரான்ஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் இந்தப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வருவேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. போக முடியாது என்பதுதான் வருத்தம்.

அந்தக் குளிர்காலத்தில், வெளிநாடு போய்வர விடுகிற ‘பி’ பெர்மிக்கு விண்ணப்பித்திருந்தேன். ஒழுங்கான வேலை இருக்க வேண்டும், பொலிசில் ஒரு பிரச்சினையும் இருக்கக் கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும் பாலத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

வேலை பக்கத்துக் கிராமத்தில் சீஸ் செய்கிற இடத்தில். பாத்திரங்களும் தொட்டிகளும் கழுவ வேண்டும். முதல் பஸ் புறப்படுவதற்கு முன்பே நான் அங்கே நிற்க வேண்டும். அதற்காகத்தான் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருந்தேன். காலால் உதைத்து ஸ்டார்ட் பண்ணுகிற வகை. கோடையில் ஒரே உதையில் பிடிக்கும். குளிர்காலத்தில் அது செத்த மாட்டைப் போலக் கிடக்கும்.

ஆனால் எனக்கு வழி தெரியும். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பொருளாதாரத் தடை இருந்த காலம். பெற்றோலைக் கண்ணில் காண முடியாது. மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓடும், ஆனால் குளிர்ந்த எஞ்சின் அதில் ஸ்டார்ட் ஆகாது. அதனால் கண்மருந்துப் போத்தலில் கொஞ்சம் பெற்றோலைத் தங்கம் போல வைத்திருப்போம். கார்புரேட்டரின் வாய்க்குள் நாலு சொட்டு விட்டு உதைத்தால் பிடித்துக்கொள்ளும். பிறகு மண்ணெண்ணெய் பார்த்துக்கொள்ளும்.

சுவிஸில் பெற்றோலுக்குப் பஞ்சமில்லை. குளிருக்கும் பஞ்சமில்லை. அதனால் அதே வித்தையை இங்கே செய்தேன். இரவே எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அறைக்குக் கொண்டுபோவேன். காலையில் அதை அடுப்பில் சூடாக்கி, துணியில் சுற்றி, கீழே ஓடிவந்து பூட்டுவேன். சாவித் துவாரம் உறைந்திருந்தால் லைற்றரால் சாவியைச் சூடாக்கி உள்ளே விடுவேன். பிறகு நாலு சொட்டு, ஒரு உதை.

இப்போது நீங்கள் மேலே மூன்றாம் மாடியில் இருந்து இதைப் பாருங்கள். விடியாத இருட்டு. வரிசையாக நிற்கிற கார்களுக்கு நடுவே தொப்பியை இழுத்துவிட்ட ஒரு கறுப்பு மனிதன் குந்தியிருக்கிறான். ஒரு கையில் சின்னப் போத்தல், மற்றக் கையில் நெருப்பு. அந்த மாதம் எங்கள் தெருவில் யாரோ குப்பைத் தொட்டிகளைக் கொளுத்தியும் இருந்தார்கள். மூன்றாம் மாடியில் தனியாக இருந்த வயதான பெண் பொலிசைக் கூப்பிட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் நான் இருந்தாலும் கூப்பிட்டிருப்பேன்.

எனக்கு ஆத்திரம் வந்தது அதற்குப் பிறகு நடந்தவற்றில்தான்.

இரண்டு பொலிஸ்காரர்கள் வந்தார்கள். ஒருவர் இளையவர், மற்றவர் மீசை வைத்த பெரியவர். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு சீஸ் தொட்டிக்குப் போதும், பொலிசுக்குப் போதாது. போத்தலையும் லைற்றரையும் பிளாஸ்டிக் பையில் போட்டு, என்னை நிலையத்துக்குக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். விடிந்த பிறகு ஒரு தமிழர் மொழிபெயர்க்க வந்தார். பளபளக்கும் தோல் சப்பாத்து, நீளமான கோட். எண்பதுகளின் தொடக்கத்திலேயே இங்கே வந்தவர் என்று அவரே சொன்னார். அவரைக் கண்டதும் எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. எங்கள் ஆள், இனி எல்லாம் விளங்கிவிடும் என்று நினைத்தேன்.

“தம்பி, கண்மருந்துப் போத்திலுக்க பெற்றோல் என்னத்துக்கெண்டு கேக்கினம்.”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். தடை, மண்ணெண்ணெய், நாலு சொட்டு, சூடாக்கிய பிளக், உறைந்த சாவி. மூச்சு விடாமல் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிளோ? ஆருக்கு ராசா கதை விடுறாய்?”

“அண்ணை, தொண்ணூறில ஊரில நிண்டிருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்.”

அது அவருக்குச் சுட்டுவிட்டது. பொலிஸ்காரர் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். நான் அவ்வளவு நேரம் சொன்ன கதை அவர் வாயில் ஒரு வரியாகப் போய்விட்டது. அதில் மண்ணெண்ணெயும் இல்லை, பிளக்கும் இல்லை. அவ்வளவு பிரெஞ்சு எனக்கு விளங்கும்.

“நான் இவ்வளவு சொன்னன். நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே?”

“தேவையானதைச் சொன்னனான். இந்தப் புழுகையெல்லாம் இவங்களிட்டச் சொல்லேலாது, சிரிப்பாங்கள். நான் சொல்லுறதைக் கேள். தெரியாமச் செய்திட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு சொல்லிக் கையெழுத்தை வை. சின்ன விசயம், விட்டிடுவாங்கள்.”

“என்னத்தைத் தெரியாமச் செய்தனான் அண்ணை?”

“வாதாடாதையப்பா. உன்னால எங்கட சனத்துக்கே பேர் கெடுது.”

மொழிபெயர்க்க வந்தவர் தீர்ப்பையும் எழுதிவிட்டார்! செய்யாத ஒன்றைச் செய்தேன் என்று நான் கையெழுத்து வைத்தால், அவருக்கு அது மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் முடிகிற சின்ன விசயம். எனக்கு அது பெர்மி, பாலம், எல்லாம். ஊரில் சோதனைச் சாவடிகளில் இதே வார்த்தையை எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன்! ஒத்துக்கொள், விட்டுவிடுவார்கள். ஒத்துக்கொண்டவர்களை விட்டார்களா?

அதோடு அவருடன் பேசுவதை நிறுத்தினேன். எழுந்து இளைய பொலிஸ்காரரைப் பார்த்து எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன்: மோட்டோ, வீடு, நீ, நான், காட்டுகிறேன். சொல் போதாததால் அறைக்கு நடுவில் நின்று வெறும் காற்றை உதைத்துக் காட்டினேன். போத்தலைப் பிழிவது போலவும் காட்டினேன். பெரியவர் முகத்தில் ஒன்றும் இல்லை. இளையவருக்குச் சிரிப்பு வந்தது. அவரும் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர் போலிருக்கிறது. எழுந்து கார்ச் சாவியை எடுத்தார். பெரியவரும் கூட வந்தார்.

“விசரா உனக்கு?” என்றபடி மொழிபெயர்ப்பாளரும் பின்னால் வந்தார். வராமல் எப்படி? வேலை முடியவில்லையே.

வீட்டடியில் என்னுடைய மோட்டார் சைக்கிள் அப்படியே நின்றது. காலையில் பூட்டிய பிளக் இதற்குள் கல்லாகக் குளிர்ந்திருந்தது. போத்தலை என் கையில் தர இளைய பொலிஸ்காரருக்கு மனமில்லை. நான் இடத்தைக் காட்ட, அவரே கையுறையோடு நாலு சொட்டு விட்டார். நான் உதைத்தேன். இல்லை. இன்னும் உதைத்தேன். அந்தக் குளிரிலும் சட்டைக்குள் வியர்த்தது. சைக்கிள் இருமக்கூட இல்லை.

“பாத்தியோ! நான் அப்பவே சொன்னனான்” என்றார் எங்கள் ஆள். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

எங்கள் தெரு சரிவானது. தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம் என்று கையால் காட்டினேன். இளைய பொலிஸ்காரர் பின்னால் கை வைத்தார். மொழிபெயர்ப்பாளரையும் வாருங்கள் என்று கூப்பிட்டார். பொலிஸ் கூப்பிட்டால் அவர் மறுப்பாரா? தோல் சப்பாத்தோடு தள்ளினார். நான் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டேன். பின் சில்லு பனியில் சறுக்கியதே தவிர எஞ்சின் சுற்றவில்லை. திரும்பிப் பார்த்தால் நீளக் கோட் தெருவில் நீளமாகக் கிடந்தது. அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது, பொய் சொல்லக் கூடாது.

சைக்கிளை உருட்டிக்கொண்டு மேலே வந்தபோது அந்த வயதான பெண் வீட்டு உடுப்பின் மேல் குளிர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். என்ன நடக்கிறது என்று கேட்டார். இளையவர் சொன்னார். நான் பிளக்கைக் கழற்றி அவரிடம் நீட்டி, அடுப்பு என்று மட்டும் சொன்னேன். அவர் என்னையும் பிளக்கையும் பார்த்தார். அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நாங்கள் நாலு பேரும் வாசலில் காத்து நின்றோம்.

அந்தப் பெண் சூடான உருளைக்கிழங்கைத் தூக்குவது போல, தடித்த சமையல் துணியில் பிளக்கைச் சுற்றிக்கொண்டு, “ஷோ, ஷோ!” என்றபடி ஓடிவந்தார். சூடு, சூடு என்று அர்த்தம். விரல் சுடச் சுடப் பூட்டினேன். நாலு சொட்டு. ஒரு உதைக்குத் தும்மியது. அடுத்த உதைக்குப் பிடித்துக்கொண்டது. தெரு முழுக்கப் புகை. அந்தப் பெண் கைதட்டினார். இளையவர் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். பெரியவர் மட்டும் என் அருகே வந்து கண்டிப்பாக ஏதோ சொன்னார். எங்கள் ஆள் மொழிபெயர்த்தார், இந்தமுறை ஒரு சொல் விடாமல்:

“இந்த நாட்டில சைக்கிளை நிப்பாட்டி வைச்சுக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்குறது சட்டப்படி பிழையாம். இனிமேல் ஸ்டார்ட் ஆன உடன வெளிக்கிட வேணுமாம்.”

அவ்வளவுதான். மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை. காலை முழுக்க உட்கார வைத்ததற்கு ஒரு சொல் இல்லை. லைற்றரைத் தந்தார்கள், கண்மருந்துப் போத்தலைத் தரவேயில்லை. மொழிபெயர்ப்பாளர் கோட்டிலிருந்த பனியைத் தட்டிக்கொண்டே, “நல்ல காலம் தம்பி, நான் எடுத்துச் சொன்னபடியால இந்தளவில முடிஞ்சுது” என்றார். என் வாயில் வந்ததை எஞ்சின் சத்தம் விழுங்கிவிட்டது.

வேலை இடத்தில் முதலாளி ஏன் இவ்வளவு பிந்தினாய் என்று கத்தினார். சைக்கிள் ஸ்டார்ட் ஆகவில்லை என்றேன். அதில் பொய் இல்லைத்தானே? முணுமுணுத்துக்கொண்டே தொட்டியைக் காட்டினார். வேலை தப்பியது.

அந்தக் கோடையில் ஒரு கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தேன். அன்னதான மண்டபத்தில் என்னிடம் சாம்பார் வாளியைத் தந்து பரிமாறச் சொன்னார்கள். ஒரு வரிசையில் தெரிந்த குரல் ஒன்று கேட்டது.

“பெற்றோலும் கையுமா நெருப்பு வைக்கப் போனவனெண்டு பிடிச்சு வைச்சிருந்தவங்கள். நான் போய்ச் சட்டம் கதைச்சு வெளியில எடுத்து விட்டனான். இப்பிடிப் பெடியளால எங்களுக்குத்தான் தலையிடி.”

வாளியோடு அவர் முன்னால் போய் நின்றேன்.

“அண்ணை, சாம்பார் விடட்டோ?”

“ஓம், கொஞ்சமா விடும்.” நிமிர்ந்து பார்க்கவில்லை.

“நெருப்பு வைக்கப் போன பெடியன் நான்தான் அண்ணை. கையெழுத்து வை எண்டு நீங்கள் சொன்னதையும் இவைக்குச் சொல்லுங்கோவன்.”

அவர் இலையைப் பார்த்தபடி, “உன்ர நன்மைக்குத்தானே சொன்னனான்” என்றார்.

“செய்யாததைச் செய்தன் எண்டு சொல்லுறதோ நன்மை? நான் மண்ணெண்ணெய்க் கதை சொல்ல, புழுகு எண்டனீங்கள்.”

பக்கத்தில் இருந்த, கண்ணாடி போட்ட ஒருவர் சோற்றுக் கையோடு திரும்பினார். “ஆர் புழுகெண்டது? நான் சாவகச்சேரியில இருந்து அப்பிடித்தானே பள்ளிக்கூடம் படிப்பிக்கப் போனனான். கண்மருந்துப் போத்தில் சேட்டுப் பொக்கற்றுக்கயே இருக்கும்!” எதிரில் இருந்த அக்கா, “என்ர மனுசன் கலியாணத்தண்டு என்னை ஏத்திக்கொண்டு போனதே மண்ணெண்ணெய்ச் சைக்கிளில. கூறைச் சீலை நாறின நாத்தம் இப்பவும் மறக்கேல்லை” என்றார். அதற்குப் பிறகு என்னையும் மறந்துவிட்டார்கள், அவரையும் மறந்துவிட்டார்கள். ஒவ்வொருவரும் தங்கள் சைக்கிள் கதையைச் சொன்னார்கள். அவரிடம் மட்டும் அப்படி ஒரு கதை இல்லை. இலையை மடித்துக்கொண்டு எழுந்து போனார். என் கோபம் அதனால் ஆறவில்லை. ஆனால் வாளி கொஞ்சம் பாரம் குறைந்தது போல இருந்தது.

அதற்கு அடுத்த குளிர்காலம் எனக்கு ‘பி’ பெர்மி வந்தது. அன்று பிளக்கைச் சூடாக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். மூன்றாம் மாடி யன்னலிலிருந்து அந்தப் பெண் கை காட்டினார். புதுக் கண்மருந்துப் போத்தலில் இருந்து நாலு சொட்டு விட்டு உதைத்தேன். பிடித்த உடனே, சட்டப்படி, புறப்பட்டேன். நேரே பாலத்துக்குப் போய் நிற்காமல் அந்தப் பக்கம் போனேன். அங்கே ஒரு கடையில் கோப்பி குடித்தேன். சுவிஸ் கோப்பியைவிட மோசம்.

அதற்குப் பிறகு வேறு ஊர்கள், வேறு வேலைகள். அந்தச் சைக்கிளும் இப்போது இல்லை. ஆனால் எந்த அரசாங்கக் கந்தோரிலாவது ஒருவர் என் கதையை முழுதாகக் கேட்காமல், உன் நன்மைக்குத்தான், சும்மா ஒத்துக்கொள் என்று சொன்னால், மேசைக்குக் கீழே என் வலது கால் இன்றைக்கும் உதைக்கத் தயாராகிறது.