பாஸ்கலின் ஆட்ட எலும்புகள்

ஃபிளாட்ஹெட் ஏரிக்கரையில், எல்மோவில் இருக்கிற கூட்டெனாய்ப் பழங்குடி ஜனங்களிடம் அடேலைப் பற்றிக் கேட்டால், பாதி ஆயுளைப் பள்ளிக்கூடச் சமையலறையில் கழித்தவள் என்று யாரும் ஆரம்பிக்க மாட்டார்கள். குச்சியாட்டத்தில் அவளிடம் எதையும் ஒளிக்க முடியாது என்றுதான் ஆரம்பிப்பார்கள். எதிர்வரிசைக்காரர் இரண்டு எலும்புத் துண்டுகளைக் கைக்கு ஒன்றாக மூடிக்கொண்டு பாடுவார். ஒன்றில் கறுப்புப் பட்டை, மற்றது வெறும் வெள்ளை. வெள்ளை எந்தக் கையில் என்று அடேல் விரலை நீட்டினால் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கல்யாணமும் அந்த ஆட்டத்தில்தான் முடிவானது. பாஸ்கல் ஒருவனைத்தான் அவளால் ஊகிக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே ஏமாற்றினான். எரிச்சல் தாங்காமல் அவனையே கட்டிக்கொண்டாள்.

அவன் செத்து வருஷம் திரும்பியதும் சாமான்களைக் கொடுத்துத் தீர்க்கும் நாள் வந்தது. செத்தவர் பொருள் எதையும் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுக்க வேண்டும், கூப்பிட்டவர் மறுக்கவும் கூடாது. சேணம், துப்பாக்கி, கம்பளி, தொப்பி எல்லாம் போயின. கடைசியில் பாஸ்கலின் தங்கை சபீன் கேட்டாள்.

"அண்ணனோட ஆட்ட எலும்பு எங்க அண்ணி?"

"அவரோடவே பெட்டியில வச்சு அனுப்பிட்டேன்."

பச்சைப் பொய். எலும்புகள் மாவு டப்பாவுக்குள் இருந்தன. சபீன் சும்மா தலையாட்டிவிட்டு, பானர்ஸ் ஃபெர்ரியில் இருக்கிற தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஜூலைத் திருவிழாவில் இரண்டு ஊரும் எதிரெதிரே உட்கார்ந்தன. ஊகம் தப்பும்போதெல்லாம் ஒரு குச்சி எதிர்ப்பக்கம் போகும்; எல்மோ பக்கம் குச்சிகள் கரைந்துகொண்டே வந்தன. இரவல் எலும்பு கையில் ஒட்டவே இல்லை. எதிர்வரிசையில் பாட்டுக்குத் தாளமாகக் கட்டையைத் தட்டிக்கொண்டு சபீன் வம்புக்கு இழுத்தாள்.

"என்ன அண்ணி, சமையல்கட்டு ஞாபகமா? அடுப்ப அணைச்சிட்டு வந்தியா?"

அடேலுக்கு வீம்பு ஏறியது. சில நாளாக பாஸ்கலின் எலும்புகளைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள். கையை மறைக்கிற கைக்குட்டைக்கு அடியில் மாற்றிக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது? எதிராளி சரியாக ஊகித்துவிட்டால் எலும்பு அந்தப் பக்கம் போகும் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். தன்னை எவள் ஊகிப்பாள் என்ற திமிர் அவளுக்கு. யானைக்கும் அடி சறுக்கும் என்பதை யானையிடம் யார் சொல்வது?

மாற்றினாள். சூடாக, பாஸ்கல் கைபோலவே இருந்தது. பாடினாள். சபீன் ஒரே தடவை பார்த்துவிட்டு அடேலின் இடது கையைக் காட்டினாள்.

வெள்ளை அங்கேதான் இருந்தது.

எலும்புகள் கைமாறின. சபீன் குனிந்து பார்த்தாள். ஓரத்தில் அண்ணன் வீட்டு நாய் கடித்த தடம். தட்டுவதை நிறுத்தினாள், உடனே மறுபடி தட்டினாள். அதற்குப் பிறகு அடேல் நீட்டிய விரலெல்லாம் தப்பாகவே போனது. கடைசிக் குச்சியும் போயிற்று, ஆட்டம் முடிந்தது.

ஆட்டம் முடிந்தால் அவரவர் எலும்பு அவரவருக்கு. சபீன் எழுந்து வந்து அடேல் பக்கத்தில் குந்தினாள். எலும்புகளைத் துண்டில் மடித்து அவள் மடியில் வைத்தாள்.

"குழிக்குள்ளேருந்து எப்ப எந்திரிச்சு வந்துச்சு?" என்றாள், மெதுவாக.

அடேலுக்கு வெட்கம் காதுவரை சுட்டது.

"எடுத்து வச்சுக்க அண்ணி. நான் எதையும் பாக்கல. ஒருத்தரும் பாக்கல."

வைத்துக்கொண்டிருக்கலாம். அடேலுக்கு அதைத் தவிர வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. மூடிய துண்டைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து நின்றாள். பந்தலில் எல்லாரும் திரும்பினார்கள்.

"சபீன்!" என்று உரக்கக் கூப்பிட்டாள், பக்கத்திலேயே குந்தியிருந்தவளை. "பாஸ்கலோட எலும்பு. வந்து வாங்கிக்க."

சபீன் எழுந்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அடேல் உட்கார்ந்தாள். சாவன்றும் வராத அழுகை, சாமான் கொடுத்த அன்றும் வராத அழுகை, இப்போது வந்தது. சபீன் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். எலும்புகளைத் திருப்பிக் கொடுக்கவில்லை.