குபாத்தின் பெயரில் ஏழு ரொட்டி

வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்கூடத்தைச் சூடேற்றும் கொதிகலனில் கரி அள்ளிப் போட்டுவிட்டுக் காலிபா வீடு திரும்பியபோது, உம்சுனாய் மாவும் எண்ணெயுமாக வாசலில் நின்றிருந்தாள். காலிபாவின் செத்துப்போன கணவனுக்கு அவள் அக்கா. அத்பாஷி மலையூரில் யாருக்கும் பயப்படாத காலிபா பயப்படுகிற ஒரே ஆள்.

“அடுப்ப மூட்டு. இன்னிக்குக் குபாத்துக்கு ரொட்டி சுடுறோம்,” என்றாள் உம்சுனாய். “பதினாலு மாசமாச்சு. இன்னும் எத்தன நாளைக்குப் புள்ளையப் பட்டினி போடப்போற?”

காய்ந்த எண்ணெயின் வாசனை செத்தவர்களைப் போய்ச் சேரும், அதுதான் அவர்களுக்குச் சோறு. வெள்ளிக்கிழமை ஏழு ரொட்டி சுட்டு, அவர்கள் பெயரைச் சொல்லிக் கையேந்தித் துஆ கேட்டு, அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பது ஊரில் எல்லா முஸ்லிம் வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் உயிரோடு இருக்கிறவனுக்கு யாரும் ரொட்டி சுடுவதில்லை. குபாத்தின் பெயரைச் சொல்லிவிட்டால், மகன் செத்தான் என்று பெற்றவளே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

குபாத் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போனவன். வாரம் தவறாமல் வந்த போன் பதினாலு மாசத்துக்கு முன்னால் திடீரென்று நின்றுபோனது. போர்முனைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றான் அங்கிருந்து வந்த ஒருவன். சிறையில் இருக்கிறான் என்றான் இன்னொருவன். சந்தையில் தர்பூசணி தட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்ணால் கண்டேன் என்று மூன்றாவது ஆள் சத்தியம் செய்தான். நாற்பத்தொரு கூழாங்கல் போட்டுக் குறி சொல்பவளோ, போன தடவை “வழியில இருக்கான்” என்றாள், இந்தத் தடவையும் அதையேதான் சொன்னாள். எதைத்தான் நம்புவது? காலிபா நாலையும் நம்பினாள், நாலாலும் தூக்கம் கெட்டாள்.

அப்படி இருந்தவளைத்தான் வெல்டர் ஜோல்தோஷின் மனைவி போன வருஷம் தங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்குக் கூட்டிப் போனாள். பன்னிரண்டு பேர், ஒரு கோமுஸ் வாத்தியம், தேநீர். ஏசுவின் சமாதானத்தைப் பற்றி ஜோல்தோஷ் என்னவோ வாசித்தான். காலிபா அதில் பாதியைக் கேட்கவில்லை. சுவரில் சாய்ந்தபடி குறட்டை விட்டுத் தூங்கிப்போனாள். பல மாதங்களுக்குப் பிறகு வந்த முதல் தூக்கம். விழித்தபோது கூட்டம் கலைந்திருந்தது, யாரோ கம்பளி போர்த்தியிருந்தார்கள். வெட்கத்தில் கூனிக் குறுகிய அவள் அடுத்த வாரமும் போனாள். கோடையில் ஆற்றின் பனித்தண்ணீரில் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டாள்.

“ஒரு தூக்கத்துக்காகவா மதம் மாறுனே?” என்று அன்றைக்கு உம்சுனாய் கேட்டது ஊரெல்லாம் சிரிப்பானது. தூக்கம் வந்தது உண்மை. ஏசுவிடம் பேசினால் நெஞ்சு லேசாவதும் உண்மை. வெள்ளிக்கிழமை வந்தால் மாவு பிசையக் கை துறுதுறுப்பதும், பரலோகத்திலிருக்கிற புருஷன் பசியோடிருப்பானோ என்று மனசு அடித்துக்கொள்வதும் உண்மைதான். எல்லாம் ஒரே நெஞ்சுக்குள் எப்படி இருக்கின்றன என்பது அவளுக்கே விளங்கவில்லை.

ரொட்டி சுட்டால் பாவமா என்று ஜோல்தோஷிடம் ஒருமுறை கேட்டுப் பார்த்தாள்.

“செத்தவங்களுக்கு வாசனை வேண்டாம்க்கா,” என்றான் அவன். பிறகு தலையைச் சொறிந்தான். “ஆனா உங்க மனசு படுற பாட்டுக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலக்கா.”

“இதுக்கா உன்கிட்ட வந்தேன்? தெரியாதுங்கிறதுக்கு நானே போதுமே,” என்று எரிந்து விழுந்தாள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இப்போது உம்சுனாய் அவளைக் கேட்காமலே அடுப்பை மூட்டி எண்ணெயை ஊற்றிவிட்டாள். தடுக்கத் தைரியமில்லாமல் காலிபா மாவைப் பிசைந்தாள். ஏழு ரொட்டியும் பொன்னிறமாக வந்தன. வாசனை வீட்டை நிறைத்தது. அது நன்றாக இருந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

உம்சுனாய் கம்பளத்தில் அமர்ந்து இரண்டு கையையும் ஏந்தினாள். தன் அப்பா பெயரைச் சொன்னாள். தம்பி பெயரைச் சொன்னாள். அடுத்த பெயருக்கு வாயெடுத்தபோது காலிபா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அவன் பேர் வேண்டாம்க்கா.”

“அப்ப அவன் உசுரோட இருக்கான்னு உன் ஏசு வந்து சொன்னாரா?”

“சொல்லல.”

“பின்ன செத்துட்டான்னாரா?”

“அதையும் சொல்லல. எனக்கு ஒண்ணுமே தெரியாதுக்கா.”

உம்சுனாயின் முகம் உடைந்தது. “எனக்கும் தெரியலடி. தாய்ப்பால் மறந்ததுலேர்ந்து என் மடியில வளந்த புள்ள. செத்துட்டான்னு யாராச்சும் சொல்லிட்டா வாய்விட்டு அழுதுட்டாவது கிடப்பேன். அதுக்குத்தான் மாவத் தூக்கிட்டு வந்தேன். நான் பாவிடி.”

இத்தனை நாளாக இந்தக் கிழவிக்கும் தூக்கமில்லை என்று காலிபாவுக்குத் தோன்றவே இல்லை. தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. பிடித்த மணிக்கட்டை விடாமலே வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

“ஏசுவே, குபாத் எங்க இருக்கான்னு உமக்குத் தெரியும். இந்த மண்ணுல இருந்தா அவனுக்கு யாராச்சும் ஒரு ரொட்டி குடுக்கட்டும். உம்மகிட்ட வந்துட்டான்னா நீரே குடும். எங்க ரெண்டு பேருக்கும் இதுக்கு மேல கேக்கத் தெரியல. ஆமென்.”

உம்சுனாய் கையை விடுவித்துக்கொண்டு, துஆ முடிவில் எப்போதும் செய்வதுபோல இரண்டு உள்ளங்கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டாள்.

இது ஜெபமா, துஆவா, இரண்டுங்கெட்டானா? ஜோல்தோஷ் கேட்டால் என்ன சொல்லுவான்? காலிபா யோசித்துக்கொண்டே ரொட்டிகளைத் துணியில் சுற்றினாள். ஆறும் முன் பக்கத்து வீடுகளுக்குக் கொண்டுபோக வேண்டும். யார் பெயரைச் சொல்லிக் கொடுப்பது என்று கேட்கத் திரும்பினாள்.

சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி, உம்சுனாய் தூங்கிக்கொண்டிருந்தாள். காலிபா ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கம்பளி எடுக்கப் போனாள்.