பங்குனித் திங்களில் ஒரு மலை நடை

ஈஸ்டர் திங்கட்கிழமை, லண்டனுக்குத் தெற்கே உள்ள குன்றுகளுக்கு எங்கள் தமிழ் நடைக்குழுவை நான்தான் கூட்டிப்போனேன். சப்பாத்து, மழைக்கோட்டு எல்லாம் ரயிலிலேயே சரிபார்த்தேன். இரண்டாவது ஏற்றத்தில் பரிமளம் அக்கா புல்லில் சரிந்துவிட்டார். உடம்பெல்லாம் வியர்வை, நாக்குக் குழறியது.

“காலமை என்ன சாப்பிட்டனீங்கள், அக்கா?”

“பங்குனித் திங்கட்கிழமையெல்லோ, அம்மனுக்கு விரதம். சீனி வருத்தக் குளிசை மட்டும் போட்டனான்.”

வெறும் வயிற்றில் நீரிழிவு மாத்திரை; இரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருக்க வேண்டும். சீனி போட்ட தேநீரை நீட்டினேன்.

“வேண்டாம். அம்மன் கோவிப்பா.”

அவரது கணவர் அதட்டினார்: “உம்மைக் கீழே காவிக்கொண்டு போறது அம்மனில்லை, நான். குடியும்!”

குடித்தார். அவருக்குப் பேச்சுத் தெளியும்வரை, சிக்னல் இல்லாத கைத்தொலைபேசியோடு அங்குமிங்கும் நடந்தபடியே இருந்தேன்.

இப்போது பஞ்சாங்கம் பார்த்துத்தான் நாள் குறிக்கிறேன். ரயிலேறுமுன், “சாப்பிட்டாச்சோ?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன். தலையாட்டினால் விடமாட்டேன், என் கண்முன்னால் ஒரு வாழைப்பழமாவது உள்ளே போகவேண்டும்.