வாசலில் நின்று கூப்பிட்டவர்

நேற்று எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்தார்கள். ஆரத்தி எடுக்க என் வீட்டுக்காரி மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்து சிவப்பாகக் கரைத்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நான் பூஜையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அறுபதைத் தாண்டிய வயதில் கண்ணாமூச்சி விளையாட்டா என்று சிரிக்காதீர்கள்.

என் அண்ணன் பட்டாளத்துக்காரர். இலங்கையில் சண்டை நடந்தபோது அங்கே போய்த் திரும்பியவர். ஊருக்கு வந்ததும் தூர்ந்து கிடந்த வாய்க்காலில் முதல் ஆளாய் மண்வெட்டியோடு இறங்கினார். "பஞ்சாயத்துத் தலைவருக்கு நீங்களே நில்லுங்க" என்று ஊர் பிடித்துக்கொண்டது. நான் அப்போது வலங்கைமானில் அரிசி ஆலையில் மூட்டை நிறுத்துக்கொண்டிருந்தேன். எட்டாவது தேறாத நான்தான் அவருக்கு நோட்டீஸ் எழுதினேன் என்றால் பாருங்கள்.

மனுக் கொடுத்த அன்று மாரியம்மன் கோயிலில் அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

"வீடு வீடாப் போயி கூப்புடணுமேடா. இலங்கையில எங்க பட்டாளத்துல தமிழ் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். 'பயப்படாதீங்க, வெளிய வாங்கம்மா'ன்னு கூப்புடுறது என் வேலை. தமிழ்க் குரலாச்சேன்னு நம்பி ஒரு பொம்பள ரெண்டு புள்ளையோட வந்துச்சு. எந்தப் பக்கத்துலேருந்து சுட்டானுவளோ... என் காலடி வரைக்கும் ரத்தம்டா."

யாரிடமும் சொல்வதில்லை என்று மாரியாத்தா மேல் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

எங்கள் தெருவில் எல்லாரும் சொந்தக்காரர்கள். ஓட்டுக் கேட்டுப் போனபோது காபியோடு சரி. கூலிக்காரத் தெருவில்தான் ஆரத்தி. அண்ணன் குடிசை வாசலில் நின்று, "வெளிய வாங்கம்மா" என்றார். அந்த வீட்டு அஞ்சலை ஆரத்தித் தட்டோடு வந்து சுற்றி, சிவப்புத் தண்ணீரைக் காலடியில் ஊற்றக் குனிந்தாள். அண்ணன் துள்ளிப் பின்னால் போனார். "வேணாம், வேணாம்!" கை பட்டுத் தட்டு உருண்டது.

"ஏங்க, எங்க தண்ணி ஆகாது, ஓட்டு மட்டும் ஆகுமோ?"

"பட்டாளத்தாருக்குத் தீட்டு ஒட்டிக்குமாம்டி!" என்றாள் இன்னொருத்தி.

அண்ணன் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சாமி குற்றத்துக்குப் பயந்து தரையைப் பார்த்தேன்.

அந்தத் தெருவில் ஒரு ஓட்டுக்கூட விழவில்லை. ஜாதி பார்த்தவர் என்ற பெயர் மட்டும் நின்றது. அடுத்த குறுவை அறுப்புக்கு அண்ணன் இல்லை. எப்படிப் போனார் என்று எழுதக் கை வரவில்லை.

இன்று சத்தியத்தை மீறி எழுதிவிட்டேன். மாரியம்மா பொறுத்துக்கொள்ளட்டும். காலையில் அஞ்சலையிடம் நேரில் சொல்லிவிடலாம் என்று அன்றைக்குப் பிறகு கால் வைக்காத அந்தத் தெருவுக்குப் போனேன். குடிசைகள் இல்லை, எல்லாம் மாடி வீடுகள். அஞ்சலை செத்து வெகுகாலமாம். அவள் பேத்தி கேட்டைத் திறந்து, "யாருங்க? ஓட்டுக்கா?" என்றாள்.

"இல்லம்மா" என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.