குளத்தின் மேல் ஏழு நுரைக்கூடுகள்

போன வருடம் ஆடி மாதக் கடைசியில், கம்பம் மெட்டுக்கு மேலே எங்கள் ஏலத்தோட்டத்தில் நடந்தது இது. தோட்டம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். மூன்று ஏக்கர், ஆயிரத்து நூற்று நாற்பது செடி. ஓய்வு பெற்ற பிறகு நானே பார்த்துக்கொள்கிறேன். தினமும் காலையில் கம்பத்திலிருந்து ஜீப்பில் நானும், வேலைக்கு வரும் ஐந்து பெண்களும் மேலே போவோம். வழியில் வளைவுகளை எண்ணிக்கொண்டே போவேன். எண்ணினால் கவலை குறையும் என்று நினைப்பு. குறைந்ததில்லை.

தோட்டத்து மேட்டில் பிளாஸ்டிக் படுதா விரித்த சிறு குளம் உண்டு. ஊற்றுத் தண்ணீர் குழாயில் வந்து விழும். குடிக்க, சாயா போட, செடிக்கு மருந்து கலக்க எல்லாம் அந்தத் தண்ணீர்தான். அன்று குளத்தின் மேல் சாய்ந்திருந்த கிளையில் வெள்ளையாக நுரை தொங்குவதைப் பார்த்தேன். ஏழு இடத்தில். சோப்பைக் கரைத்து அப்பியது போல் இருந்தது. குடிக்கிற தண்ணீருக்கு மேல் இதென்ன அசிங்கம் என்று கிளையை வெட்டச் சொன்னேன்.

வேலையாட்களில் மூத்த அம்மாள் அரிவாளை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றார்.

“அய்யா, அது மரத்தவளைக் கூடு. உள்ள முட்டை கெடக்கு. ஒரு வாரத்துல குஞ்சு தண்ணியில விழுந்துரும், நுரையும் தானாப் போயிரும்.”

“அதுக்குத்தாம்மா சொல்றேன், விழுறதுக்குள்ள வெட்டு!”

அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். “அய்யா இன்னும் எண்ணாதது இந்த முட்டை ஒண்ணுதான். எண்ணி முடிச்சாகன்னா வெட்டிரலாம்டி.” எல்லோரும் சிரித்தார்கள். அரிவாள் கொட்டகைக் கூரையில் செருகப்பட்டது.

மறுநாள் கூட்டைக் கட்டிய தவளையையும் பார்த்தேன். இலைப் பச்சை, விரல்களுக்கிடையே சிவந்த சவ்வு. நான் இருமியதும் நான்கு கால்களையும் விரித்துக் காற்றில் மிதந்து, ஒன்பதடி தள்ளி ஓர் ஏல இலையில் ஒட்டிக்கொண்டது. பார்க்க அழகுதான். ஆனாலும் மழையில் நான்கு கூடுகள் கரைந்து குஞ்சுகள் தண்ணீரில் நீந்தத் தொடங்கியது எனக்குப் பிடிக்கவில்லை. தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடித்தேன்.

அந்த வாரமே அழுகல் நோய்க்கு மருந்தடிக்க வேண்டியிருந்தது. துரிசு என்கிற நீல நச்சுக் கல்லைச் சாக்கில் கட்டி, முதல் நாள் மாலையே தண்ணீர் டிரம்மில் தொங்கவிட்டால் காலைக்குள் கரைந்துவிடும். டிரம்மைக் குளத்துக்குக் கீழே, கொட்டகையருகில் வைப்பதுதான் வழக்கம். குளத்திலிருந்து அங்கே நாற்பத்தாறு அடி. அத்தனை குடம் தண்ணீரை எதற்குச் சுமக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, டிரம்மைக் குளத்தின் கரையிலேயே வைக்கச் சொன்னேன்.

“எப்பவும் கீழதான அய்யா வைப்போம்?” என்றார் மூத்த அம்மாள்.

“மூடி இருக்கும்மா, ஒண்ணும் ஆகாது” என்றேன்.

மறுநாள் காலை போனதும் பெண்கள் குளத்துத் தண்ணீரை மொண்டு பாலில்லாத கட்டஞ்சாயாவுக்கு அடுப்பில் வைத்தார்கள். நான் குளத்தைப் பார்க்கப் போனேன். குஞ்சுகள் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. எண்ணத் தொடங்கினேன். பத்தொன்பது வந்தபோது மூத்த அம்மாள் குடத்துடன் வந்தார்.

“பாத்தியா, குடிக்கிற தண்ணியில செத்து மெதக்குது. அன்னைக்கே வெட்டியிருந்தா...” என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. டிரம்மைப் பார்த்தார். அதன் அடிக்குழாயிலிருந்து நீலமாக ஒரு கசிவு, படுதாவின் மடிப்பு வழியே குளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கறுப்புப் படுதாவில் தண்ணீரின் நிறம் மாறியது தெரியவே இல்லை. குடத்தைப் போட்டுவிட்டு அவர் கீழே ஓடினார்.

“ஏடி, யாரும் குடிக்காதீக! கீழ ஊத்துங்க, ஊத்துங்க!”

நான்கு தம்ளர்களில் சாயா ஊற்றியாகிவிட்டது. ஒருத்தி ஊதி ஊதி உதட்டருகே கொண்டுபோயிருந்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது நாலும் மண்ணில் கொட்டிக் கிடந்தன. அடுப்பருகே மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் புத்திக்கு நல்ல ஏச்சுக் கிடைக்கும் என்று காத்திருந்தேன். அந்த அம்மாள் மூச்சு வாங்கியபடி, “நல்லவேள, அய்யா எண்ணப் போனாக” என்றார். அவ்வளவுதான். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

குளத்தை வடித்து, படுதாவை இரண்டு முறை கழுவினோம். டிரம் கீழே போனது. கிளையில் மீதி மூன்று கூடுகள் இருந்தன. குளம் மறுபடி நிறைய இரண்டு நாளாகும் என்பதால், அவற்றுக்கு நேர் கீழே மூன்று அகலப் பாத்திரங்களில் ஊற்றுத் தண்ணீர் பிடித்து வைத்தேன். இரண்டில் குஞ்சுகள் விழுந்தன. மூன்றாவது கூடு ஏனோ காய்ந்துபோயிற்று.

அந்தச் சாயாவைக் குடித்திருந்தால் வாந்தியோடு போயிருக்குமா, அதற்கு மேலும் போயிருக்குமா, எனக்குத் தெரியாது. நான் கெடுத்த தண்ணீரை எங்களுக்கு முன்பே குடித்துப் பார்த்தவை, நான் வேண்டாம் என்று வெட்டச் சொன்ன உயிர்கள்தான் என்பது, இன்றும் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது.